ஷோகேஸில் தொங்கிய முகங்கள்

அந்தக் கடைத்தெருவில் சிரிங்கக்காவிடம் முகத்தைக் காட்டாதவர்கள் யாரும் கிடையாது. பள்ளிக்கூட அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வேலைக்கு விண்ணப்பம் என்று ஏதோ ஒன்றுக்காக எல்லாரும் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. தோளை இறுக்காதீங்க. ஆங், அப்படியே... சிரிங்க" என்பாள். அந்தக் கடைசிச் சொல்லே அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

இருபது வயதில் அந்த ஸ்டுடியோவுக்குப் படங்களில் இருக்கும் பருவையும் தழும்பையும் அழிக்கிற வேலைக்கு வந்தவள். முதலாளி கடையைக் கைவிட்டபோது தானே எடுத்து நடத்த ஆரம்பித்தாள். சின்னக் கடை. முன்னால் ஒரு மேசை, கணினி, பிரிண்டர். நீலத் திரைக்குப் பின்னால் இரண்டு குடை விளக்குகள். தெருவைப் பார்த்தபடி கண்ணாடி ஷோகேஸ். தெருவில் யாருக்கு என்ன கௌரவம் என்பதை அந்த ஷோகேஸ்தான் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வந்து கேட்பார்கள்.

"எங்க பாப்பாவ எப்பக்கா ஷோகேஸ்ல மாட்டுவீங்க?"

"பாப்பா படத்துல ஒரு வாட்டியாவது அழாம இருக்கட்டும், மாட்டறேன்."

காசு கொடுத்தாலும் அதில் இடம் கிடைக்காது. அவளுக்குப் பிடித்த முகம்தான் ஏறும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது தங்கை ஆறாம் வகுப்பு. தலை பின்னிவிட்டு, டிபன் கட்டிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு அவளை வளர்த்ததிலேயே வயது போய்விட்டது. சின்னவள் என்றுதான் கூப்பிடுவாள். சின்னவள் படித்து முடித்து ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்தாள். எதற்கெடுத்தாலும் வாய் நிறையச் சிரிப்பு. "ஏன்டி இப்படிப் பல்லைக் காட்டற?" என்றால், "பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கறேன்ல, விளம்பரம்" என்பாள்.

அதே கிளினிக்கில் வேலை பார்த்த ஒருவன் தன்னைக் காதலிக்கச் சொல்லி அவளைப் பிடித்துத் தொங்கினான். வேண்டாம் என்றாள். நயமாகச் சொன்னாள், கோபமாகச் சொன்னாள், டாக்டரை வைத்தும் சொன்னாள். டாக்டர் அவனை வேலையை விட்டு அனுப்பினார். ஒரு நாள் காலை, பஸ் நிறுத்தத்தில், அவ்வளவு ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து கத்தியை எடுத்தான்.

அந்த நேரத்தில் சிரிங்கக்கா ஒரு குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் மாமன் நாற்காலியில் உட்கார்ந்து மொபைலை நோண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"அக்கா, இது நம்ம பஸ் ஸ்டாப் மாதிரி இல்ல? லைவா போகுது. ஐயோ, ஒரு பொண்ண..."

அவள் எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்த பெண்ணின் மஞ்சள் சுடிதாரைக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவள்தான்.

எப்படி ஓடினாள் என்று தெரியாது. செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. பஸ் நிறுத்தத்தில் முதுகுகள் வட்டம் கட்டி நின்றன. எல்லாக் கைகளும் தலைக்கு மேலே இருந்தன. பிடித்துத் தள்ளினாள், கிள்ளினாள், முட்டினாள். உள்ளே விழுந்து தங்கையின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். சின்னவளின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று காதைக் கொண்டுபோனபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, மறைக்காதம்மா. கொஞ்சம் தள்ளு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கையிலிருப்பது போய்விடும் என்று பயந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அது போய்விட்டது.

குரல் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. யாருடையது என்றுதான் பிடிபடவில்லை. பஸ் இரைச்சலும் கூச்சலும் கலந்த குரல் அது.

மறுநாளிலிருந்து எல்லார் மொபைலிலும் சின்னவள் செத்துக்கொண்டே இருந்தாள். ஆளாளுக்கு ஒரு பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். சிலர் கீழே உடைந்த இதயம் போட்டிருந்தார்கள், சிலர் ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் பெயர் வாங்கியது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மெடிக்கல்காரர் தன் ஸ்டேட்டஸில் வைத்த வீடியோதான். கடைப் படியில் உயரமாக நின்று எடுத்ததால் எல்லாமே துல்லியமாக விழுந்திருந்தது. குத்தியவன் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் இடம் அதில் மட்டும்தான் இருந்தது. ஆனால் மெடிக்கல்காரர் துக்கத்தைக் காட்ட எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைப் படத்தில் ஒட்டியிருந்தார். அது சரியாக அவன் முகத்தின் மேல் உட்கார்ந்து எரிந்தது. சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு அழுகைப் பாட்டைப் போட்டிருந்தார்.

முன்பே தொல்லை கொடுத்தவன் என்பதால் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அவனோ நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சாதித்தான். கத்தி கிடைக்கவில்லை. சிரிங்கக்கா ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு கையை விரித்தார்.

"வீடியோதான் ஊரெல்லாம் இருக்கே சார்!"

"இருக்கும்மா. யார் எடுத்ததுன்னு கேட்டா, எனக்கு வந்துச்சு, நான் அனுப்பிவிட்டேன்னு எல்லாரும் ஒரே பாட்டு. எடுத்தவன் வந்து, நான்தான் எடுத்தேன், என் கண்ணால பார்த்தேன்னு சொல்லணும். வீடியோ தானா நடந்து வந்து கூண்டுல ஏறாதும்மா."

"மெடிக்கல்காரர்?"

"முதல்ல போய்க் கேட்டதே அவரைத்தான். அவருக்கும் யாரோ அனுப்பினாங்களாம். ஃபோனை வாங்கிப் பார்த்தா புதுசு. பழசு தண்ணியில விழுந்துடுச்சாம், தூக்கிப் போட்டுட்டாராம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இப்படியே போச்சுன்னா அவன் வெளிய வந்துடுவான். உங்ககிட்ட மறைக்க விரும்பல."

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். சின்னவள் போன பிறகு அன்றுதான் ஷட்டரைத் தூக்கினாள். கிடைத்த வீடியோ எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். ஒருவன் எடுத்ததில் அவனுடைய முகம் இருக்காதுதான். ஆனால் எதிர்ப்பக்கம் நின்றவன் எடுத்ததில் இருக்கும். அவன் முகம் இவனிடம், இவன் முகம் அவனிடம். ஒவ்வொன்றாக நிறுத்தி, வெட்டி, பெரிதாக்கினாள். தங்கை இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் வேலை செய்தாள். எல்லாரும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள். வேலை முடிந்தபோது ஒன்பது முகங்கள் கிடைத்தன. முகத்தருகே தூக்கிப் பிடித்த மொபைலும், அதற்கு மேலே விரிந்த கண்களுமாக ஒன்பது பேர். ஒருவன் நுனி நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான், ஒரு பெண் நல்ல கோணத்துக்காகக் குதிகாலை உயர்த்தியிருந்தாள். படியில் நின்ற மெடிக்கல்காரர் இரண்டு கையாலும் மொபைலைப் பிடித்து, உதட்டைக் குவித்து, கல்யாண வீட்டுக் கேமராமேன் மாதிரி கவனமாக நின்றார்.

ஷோகேஸிலிருந்த மணமக்களையும் குழந்தைகளையும் இறக்கினாள். கடையிலேயே விலை கூடிய தங்க நிற ஃப்ரேமில் ஒன்பது பேரையும் போட்டு மாட்டினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. ஷோகேஸ் விளக்கை மட்டும் பட்டப்பகலிலும் எரியவிட்டாள்.

மதியத்துக்குள் கண்ணாடி முன்னால் கூட்டம். கூட்டம் வந்தால் என்ன செய்யும்? மொபைலை எடுத்தது.

"எடுங்க, நல்லா எடுங்க" என்று வாசலில் வந்து நின்றாள் சிரிங்கக்கா. "கண்ணாடி பளபளன்னு அடிக்குதா? கொஞ்சம் சைடுல நின்னு எடுங்க. ஊருக்கெல்லாம் அனுப்புங்க."

ஒன்பது பேரில் முதலில் ஓடிவந்தவர் டியூஷன் வாத்தியார். பின்பக்கச் சந்து வழியாக வந்தார்.

"ஏம்மா, புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவன்மா நான். நான் ஆதாரத்துக்காகத்தான் எடுத்தேன்."

"நல்லது சார். ஆதாரத்தைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துடுங்க."

"அது... டெலிட் ஆயிடுச்சு."

"தானாவா?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்த மொபைலைக் கையால் மூடிக்கொண்டார். அவள் கணக்காகச் சொன்னாள். "கோர்ட்டுக்கு வந்து, நான் அங்க இருந்தேன், பார்த்தேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வெளிய வர்றதுக்குள்ள உங்க படத்தை இறக்கியிருப்பேன். சொல்லலன்னா நான் சாகற வரைக்கும் அது அங்கதான் தொங்கும். எனக்கு சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பார்த்துக்கங்க."

வேன் டிரைவர் முன்வாசல் வழியாகவே வந்தான். குடிக்கவில்லை, ஆனாலும் தள்ளாடினான்.

"அக்கா, என் பொண்டாட்டி என்கூடப் பேசறதில்லக்கா. வேன்ல ஏத்தற புள்ளைங்கல்லாம் 'அங்கிள், ஷோகேஸ்ல நீங்கதானே'ன்னு கேக்குதுங்க."

"நீதானேடா?"

"நான்தான்." சுவரில் சாய்ந்து அழுதான். "ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். வேன் பக்கத்துலயேதான் நின்னுச்சு. கை தானா ஃபோனை எடுத்துருச்சுக்கா."

"அழுது என்னைக் கரைச்சுடலாம்னு பார்க்காதே. அவ அழுதப்போ நீ கரையல. ஸ்டேஷனுக்குப் போ."

போனான். அவன் போனதைப் பார்த்து வாத்தியார் போனார். வாத்தியாரே போய்விட்டார் என்றதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுத்தார்கள். எட்டுப் பேர். ஆனால் எட்டுப் பேரும் பார்த்தது ஹெல்மெட்டையும் முதுகையும்தான். "ஹெல்மெட் போட்டவன் எவனா வேணும்னாலும் இருக்கலாம்னு அவன் வக்கீல் ஒரே வரியில முடிச்சுடுவார். முகம் வேணும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். முகம் மெழுகுவர்த்திக்குப் பின்னால் இருந்தது.

மெடிக்கல்காரர் மட்டும் அசையவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு ஸ்டுடியோவைத் தாண்டிப் போவார். ஒரு நாள் அவர் கடைக்கு மாத்திரை வாங்க வந்த யாரோ, "உங்க போட்டோதான் சார் ஒன்பதுலயும் டாப்பு" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து ஸ்டுடியோ வாசலில் நின்று கத்தினார்.

"என்ன நினைச்சிட்டிருக்க நீ? அவதூறு கேஸ் போடுவேன்!"

"போடுங்க சார். ஸ்டேஷன் பக்கமே வரமாட்டேங்கறீங்களேன்னுதான் நானும் வருத்தப்பட்டுட்டிருந்தேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெடிக்கல்காரரின் முகம் சிவந்தது.

"உன் கடை சகவாசமே இனி வேண்டாம். என் பொண்ணு பொறந்தநாள் படமெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல? ஒண்ணு விடாம அழி. என் குழந்தை முகம் உன் கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது!"

"எந்தப் படம் சார்?"

"ஆல்பம் போடச் சொல்லி அனுப்பினேனே! அனுப்பி எத்தனை மாசமாச்சு! அதைச் செய்ய நேரமில்ல, ஊரான் மூஞ்சிய மாட்ட நேரமிருக்கு."

அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. கடை மூடிக்கிடந்த நாட்களில் கடை மொபைலுக்கு என்னென்னவோ வந்து குவிந்திருந்தது. அதையெல்லாம் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பார்த்துட்டு அழிக்கறேன் சார். பார்க்காம நான் எதையும் அழிக்கறதில்ல" என்றாள்.

"அழி, அழி" என்று கையை உதறிவிட்டுப் போனார் அவர்.

படம் அனுப்பும் விஷயத்தில் அவள் எல்லாரிடமும் ஒரே பாடம்தான் சொல்வாள். நீங்கள் பொறுக்கி எடுக்காதீர்கள், மொத்தமாக அனுப்புங்கள், நல்லதை நான் பார்த்து எடுத்துக்கொள்கிறேன். படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் எடுத்தது எடுத்தபடி தெளிவாக வரும். மெடிக்கல்காரர் இந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவர். அனுப்பிய தேதியைப் பார்த்தாள். சின்னவள் போன அதே நாள், சாயங்காலம். தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றபோது, கடையில் கூட்டமில்லை என்று மனிதர் இந்த வேலையை முடித்திருக்கிறார். மொபைலில் அந்த மாதம் எடுத்திருந்த எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்.

பலூன். தொப்பி போட்ட குழந்தை. மூக்கில் கேக். கேக்கை எடுத்து அப்பா வாயில் திணிக்கும் குழந்தை. பாட்டியின் மடியில் தூங்கும் குழந்தை. அடுத்து ஒரு வீடியோ. பஸ் நிறுத்தம்.

அவள் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு இல்லை. மெழுகுவர்த்தி இல்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான், நெற்றியைத் துடைத்தான், நேராகக் கேமராவைப் பார்த்தான், திரும்ப மாட்டிக்கொண்டு போனான். சின்னவள் "தண்ணி, தண்ணி" என்றாள். பாட்டுக்குக் கீழே இவ்வளவு நாளும் அது புதைந்து கிடந்திருக்கிறது. வேன் டிரைவர் ஒரு அடி முன்னால் வைப்பது தெரிந்தது. கேமராவுக்கு மிக அருகிலிருந்து கனத்த குரல், "கிட்ட போகாதீங்கப்பா, கேஸ் ஆயிடும்" என்றது. டிரைவர் அடியைப் பின்னால் வைத்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண்ணின் முதுகு உள்ளே விழுந்தது. ஒரு காலில் செருப்பில்லை. அது தன் முதுகு என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"ஏம்மா, மறைக்காதம்மா. கொஞ்சம் தள்ளு."

இரைச்சலில்லாமல், தெளிவாக, இருமல் மருந்தை எத்தனை மூடி குடிக்க வேண்டும் என்று சொல்கிற அதே குரல்.

அவள் அழவில்லை. வீடியோவை நிறுத்தினாள். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடை மொபைலையும் எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் முழுவதும் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இவரே அனுப்பினாரா? உங்களுக்கா?"

"அவர் நம்பர்லேருந்துதான் சார் வந்திருக்கு. ஆல்பம் போடச் சொல்லி."

அன்று மாலையே மெடிக்கல் ஷாப் வாசலில் ஜீப் நின்றது. தண்ணீரில் விழுந்து தூக்கிப் போட்ட பழைய மொபைல், அவருடைய மேசை டிராயரில் விற்காத தைல டப்பாக்களுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், வாக்குமூலம் வாங்கிவிட்டு ராத்திரி அனுப்பினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். சிரிங்கக்கா விடவில்லை. மறுநாள் காலை ஷோகேஸுக்கு மேலே ஒரு ஸ்பீக்கரைக் கட்டினாள். வீடியோவிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி அதில் ஓடவிட்டாள். தங்கையின் குரல் ஒரு துளிகூட வராமல் பார்த்து வெட்டினாள். "ஏம்மா, மறைக்காதம்மா. கொஞ்சம் தள்ளு." கொஞ்சம் இடைவெளி. மறுபடி, "ஏம்மா, மறைக்காதம்மா. கொஞ்சம் தள்ளு."

"தெரிஞ்ச குரலா இருக்கே" என்றது தெரு. பிறகு தெரிந்துகொண்டது. மருந்து வாங்க நிற்பவர்களில் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரிடம் சத்தமாக, "ஏம்மா, மறைக்காதம்மா, கொஞ்சம் தள்ளு" என்பார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் குனிந்து மாத்திரையை எண்ணுவார். எண்ணிக்கை தப்பும், மறுபடி எண்ணுவார். வாய் திறக்கவே பயந்தார். என்ன பேசினாலும் ஸ்பீக்கரிலிருந்து வருவது போலவே இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து கண்டித்தார். "ஏம்மா, அதான் கேஸ் கைக்கு வந்துடுச்சே. இது எதுக்கு?"

"வீடியோ உங்களுக்கு சார். குரல் எனக்கு" என்றாள். ஆனாலும் வழக்கு கெட்டுவிடும் என்று அவர் எடுத்துச் சொன்னதும் ஸ்பீக்கரை அவிழ்த்தாள். அதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது.

விசாரணை நாளில் மெடிக்கல்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவருக்கு நேர் எதிர் பெஞ்சில் சிரிங்கக்கா இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் வீடியோவைச் சத்தத்தோடு போட்டார். மெழுகுவர்த்தி இல்லாத முகம் திரையில் நின்றது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"எடுத்தது யார்?"

"நான்தான்."

"இந்தக் குரல்?"

மெடிக்கல்காரர் தண்ணீர் கேட்டார். நீதிபதி கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும் வரை சிரிங்கக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவருக்குக் கேட்டதும் கிடைக்கிறது என்று மட்டும் நினைத்தாள்.

"என் குரல்தான்."

எட்டுப் பேரும் வந்து சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத் திரும்பியபோது ஷோகேஸில் அவரவர் இடம் காலியாக இருந்தது. வாக்கு மாறவில்லை அவள். குத்தியவனுக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. தெருவில் பலரும் வந்து, "இப்பவாவது மனசு ஆறிச்சா அக்கா?" என்று கேட்டார்கள்.

"ஆறல. ஆறணும்னு நான் கேக்கவும் இல்ல" என்றாள்.

ஷோகேஸில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. மெடிக்கல்காரர் ஆள்விட்டுக் கேட்டார். "நானும்தானே சொன்னேன்? எனக்கு மட்டும் ஏன்?"

"மத்தவங்க தானா போனாங்க. இவரை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க. ரெண்டும் ஒண்ணில்லன்னு சொல்லு" என்று வந்தவனைத் திருப்பி அனுப்பினாள்.

ஒரு நாள் பகலில் மெடிக்கல்காரரின் மனைவி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். ஷோகேஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"அவர் அனுப்பினார்க்கா. படத்தை எடுக்கச் சொல்லி உங்ககிட்டக் கேக்கச் சொன்னார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ஷட்டரைப் போட்டுக்கிட்டு உள்ள உட்கார்ந்துட்டேன், கை காலெல்லாம் நடுங்கிடுச்சுன்னு சொன்னார்க்கா. வீடியோ யாரோ அனுப்பினதுன்னார். பாவம், பயந்துட்டார்னு நான் தைலம் தேச்சுவிட்டேன். ராத்திரி பூரா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

சிரிங்கக்கா எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து படத்தை இறக்கினாள். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதுபோலப் பழுப்புக் காகிதம் சுற்றி, மூலைக்கு அட்டை கொடுத்து, நூல் கட்டினாள்.

"இந்தாங்க. ஹால்ல மாட்டுங்க, டிவிக்கு மேல. வெளிச்சம் நேரா விழற இடமா பாருங்க. அப்பதான் முகம் நல்லாத் தெரியும்."

அவள் சண்டை பிடிப்பாள், இல்லையென்றால் அழுவாள் என்றுதான் சிரிங்கக்கா எதிர்பார்த்தாள். அந்தப் பெண் படத்தை வாங்கி மடியில் வைத்து, நூல் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆணி இருக்காக்கா?" என்றாள். "எங்க வீட்ல ஆணி இல்ல."

சிரிங்கக்கா டிராயரைத் திறந்தாள்.

"ரெண்டா வச்சுக்கங்க. ஃப்ரேம் கனம்."